வரம்பும் விடையும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பத்தாண்டுகளாகத் திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்தும் கேட்டும் வளர்ந்த அவை இது. இவ்விழாவில் யாப்பைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தனர். நானோ கணிதத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். யாப்பில் ஆய்வு செய்து பட்டம் பெற்றவள் கணிதம் பேசப் புகுந்தது ஏன் என்று நீங்கள் வினவலாம். அதற்குரிய காரணத்தை முதலில் கூறிவிடுகிறேன்.

எங்கள் கல்லூரிக் கணிதத் துறைப் பேராசிரியர் ஒருவர் தமிழில் ஓர் அறிமுக நூல் எழுதி வருகிறார். அதில் ஓர் இயலுக்குத் தலைப்புத் தேவைப்பட்டது. 'குவாசி வேரியேஷனல் இனிக்வாலிட்டி' என்பது அப்பொருளின் ஆங்கிலப் பெயர். இதற்குத் தமிழில் ஒரு சொல் வேண்டும் என்று என்னிடம் கேட்டார். பொருள் தெரியாமல் பெயர் வைப்பது பிள்ளையைப் பாராமல் சாதகம் எழுதுவது போன்றது. முதலில் பொருளைச் சொல்லுங்கள் என்றேன். மாலை வேளைகளில் ஆசிரியர் அறையில் அமர்ந்து பொறுமையாக விளக்கினார். அவ்விளக்கம் பெயரைத் தந்ததோ இல்லையோ, நான் இருபது ஆண்டுகளாகக் கற்பித்து வந்த வெண்பாவை எனக்கு வேறு விதமாகக் காட்டியது. அதனை உங்களோடு பகிர்ந்துகொள்வதே இவ்வுரையின் நோக்கம்.

சமன்பாடும் சமனிலியும்

கணிதம் என்றவுடன் நம் நினைவில் எழுவது சமன்பாடு. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்று என்பது அதன் பொருள். ஆனால் உலகியலில் பல செய்திகள் 'இதற்கு மிகாமல்', 'இதற்குக் குறையாமல்' என்றே அமைகின்றன. தரையில் கிடக்கும் மூட்டை தரையை விட்டு மேலே எழலாம். தரைக்குள்ளே இறங்க இயலாது. இவ்வாறு ஒரு பக்கம் மட்டும் அடைபட்ட உறவே சமனிலி. நம் பாடநூல்கள் இதனை 'அசமன்பாடு' என்றும் வழங்கும். இலங்கைத் தமிழ் நூல்களில் வழங்கும் 'சமனிலி' என்னும் சொல் சுருக்கமும் இனிமையும் உடையதாதலின் அதனையே இங்குக் கையாள்கிறேன்.

இனி 'மாறல்' என்பதைக் காண்போம். ஒரு பள்ளத்தில் கோலிக்குண்டை விடுகிறோம். அது மிகத் தாழ்ந்த இடத்தில் சென்று நிற்கும். அங்கே சரிவு சுழியம். இது சமன்பாடு. அப்பள்ளத்தின் பாதிச் சரிவில் ஒரு சுவரை எழுப்பிவிட்டால், குண்டு அடிவரை செல்ல இயலாமல் சுவரில் சாய்ந்து நிற்கும். அங்கே சரிவு சுழியம் அன்று. ஆயினும் அது நகரத் தகும் திசைகளில் எதிலும் இறக்கம் இல்லை. நகர்ந்தால் ஏறத்தான் வேண்டும். 'நகரத் தகும் திசை எதிலும் இறக்கம் இல்லை' என்னும் இக்கூற்றே மாறற்சமனிலி. இதனினும் எளிமையாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இத்துறை பிறந்த வரலாற்றில் ஓர் ஆசிரியரும் ஒரு மாணவரும் உள்ளனர். இத்தாலிய அறிஞர் அந்தோனியோ சிக்னொரினி ஒரு வினாவை எழுப்பினார். வளைந்துகொடுக்கும் இயல்புடைய ஒரு பொருள் வழவழப்பான கடின தளத்தின்மேல் கிடக்கிறது. அது தளத்தை எங்கெங்கே தொடும், எங்கெங்கே விலகி நிற்கும்? தொடும் இடம் முன்கூட்டியே தெரிந்தால் கணக்கு எளிது. ஆனால் அதுவே விடையின் ஒரு பகுதி. 1959இல் இவ்வினாவை அவர் விரிவாக முன்வைத்தார். அவர்தம் மாணவர் கயெத்தானோ ஃபிகேரா 1963ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விடை கண்டார். அவ்வாண்டு பிப்ரவரியில் ஆசிரியர் மறைந்தார். மறைவதற்கு முன்னர்த் தம் வினா விடை பெற்ற செய்தியை அறிந்தார். 1964இல் குவிதோ ஸ்டாம்பாக்கியா இத்தகைய கணக்குகளுக்கெல்லாம் பொதுவான தேற்றத்தை நிறுவினார். மாறற்சமனிலி என்பதற்குரிய பெயரை வழங்கியவரும் அவரே.

சுவரும் நகர்ந்தால்

இதுவரை சுவர் நின்ற இடத்தில் நின்றது. குண்டு நகர நகரச் சுவரும் நகர்ந்தால் என்னாகும்? சுவர் எங்கே நிற்கும் என்பது குண்டு எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. குண்டு எங்கே நிற்கும் என்பதோ சுவரைப் பொறுத்தது. வரம்பு விடையைத் தீர்மானிக்கிறது; விடை வரம்பைத் தீர்மானிக்கிறது. பேராசிரியர் பெயர் கேட்ட பொருள் இதுதான்.

1973இல் பிரெஞ்சுக் கணித அறிஞர்கள் அலென் பென்சுசானும் ழாக் லூயி லியோன்சும் இதனை முறைப்படுத்தினர். அவர்கள் எடுத்துக்கொண்ட சிக்கல்களின் இயல்பை ஒரு மளிகைக் கடையைக் கொண்டே விளக்கலாம். சரக்குக் குறைந்தால் வாடிக்கையாளர் திரும்பிச் செல்வர். மிகுந்தால் முதல் முடங்கும். சரக்கெடுக்கும் ஒவ்வொரு முறையும் வண்டி வாடகை உண்டு. இன்று சரக்கெடுக்கலாமா, பொறுக்கலாமா? இன்றைய நிலையிலிருந்து ஆகக்கூடிய மிகக் குறைந்த மொத்தச் செலவு, உடனே சரக்கெடுத்தால் ஆகும் செலவுக்கு மிகுதல் கூடாது. இது வரம்பு. ஆனால் உடனே எடுத்தால் ஆகும் செலவு எவ்வளவு? வாடகையோடு, எடுத்தபின் உள்ள நிலையிலிருந்து இனி ஆகப்போகும் மிகக் குறைந்த மொத்தச் செலவையும் கூட்ட வேண்டும். நாம் தேடிக்கொண்டிருப்பதே அந்தச் செலவைத்தான். தேடும் பொருளைக் கொண்டே தேடுவதற்குரிய வரம்பும் எழுதப்பட்டிருக்கிறது.

அணையின் கதவுகளை எப்போது திறப்பது, எவ்வளவு திறப்பது என்பதும் இவ்வினத்தைச் சேர்ந்த வினாவே. 1958 முதல் தென்பெண்ணையைத் தாங்கி நிற்கும் சாத்தனூர் அணையிலிருந்து 2024 டிசம்பர்த் தொடக்கத்தில் வினாடிக்கு 1.68 இலட்சம் கன அடி நீர் திறக்கப்பட்டதை நாம் அறிவோம். இன்று திறக்கும் நீரைப் பொறுத்தது நாளைக்கு எஞ்சும் இடம். நாளைக்கு எஞ்சும் இடத்தைப் பொறுத்தது இன்று திறக்க வேண்டிய நீர்.

குவியலும் கரையும் தேரும்

நம் வட்டாரத்துக் காட்சிகளுக்கு வருவோம். மல்லாட்டையைக் களத்தில் கொட்டுகிறோம். குவியல் ஏறிக்கொண்டே போகும்; ஆனால் அதன் சரிவு ஓர் அளவுக்குமேல் செங்குத்தாவதில்லை. மிஞ்சியது உருண்டு கீழே வந்துவிடும். அந்தச் சரிவளவு மணலுக்கு ஒன்று, நெல்லுக்கு ஒன்று, மல்லாட்டைக்கு ஒன்று. சமதளமான களத்தில் இவ்வரம்பு எங்கும் ஒன்றே. ஆகவே அது மாறற்சமனிலி அளவில் அடங்கிவிடும்.

அதே குவியலைக் கரடுமுரடான பாறைச் சரிவின்மேல் கொட்டினால் கணக்கு மாறுகிறது. பாறை குவியலைவிடச் செங்குத்தாக நிற்க வல்லது. மண் மூடிய இடத்தில் மண்ணின் வரம்பு. மண் மூடாத இடத்தில் பாறையின் சரிவே அங்குள்ள வரம்பு. எந்த இடத்தை மண் மூடும் என்பதோ கணக்கின் முடிவில்தான் தெரியும். எனவே வரம்பு விடையைச் சார்ந்துவிட்டது. லியோனிட் பிரிகோசின் என்பவர் 1990களில் மணற்குவியல் வளர்வதை இவ்வாறு எழுதிக் காட்டினார். பின்னர் ஜான் பேரட் என்பவரோடு இணைந்து 2013இல் இதனை மேலும் விரித்தார். 2,668 அடி உயரமுள்ள நம் மலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தால் போதும். பாறையும் பாறையிடுக்கில் தங்கிய மண்ணும் இக்கணக்கைக் கண்ணுக்குக் காட்டும்.

அடுத்தது ஏரிக்கரை. மண்ணாலான கரையின் ஒருபுறம் நீர் நிற்கிறது. கரைக்குள் ஈரம் எதுவரை ஏறியிருக்கிறது? எங்கே ஈரம் முடிந்து உலர்மண் தொடங்குகிறது? வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. கரை நிலைப்பதும் உடைவதும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கோட்டைப் பொறுத்தவை. 1970களின் தொடக்கத்தில் இத்தாலியர் கிளாவுதியோ பயோக்கி இச்சிக்கலைத் தீர்க்கும் வழி கண்டார். கரையின் இருபுறமும் சுவர்போல் நேராக நின்றால் அது மாறற்சமனிலியாக அமைகிறது. கரை சரிவாக இருந்தால் வரம்பும் நகரத் தொடங்கிவிடுகிறது. நம் ஏரிக்கரைகள் சரிவானவை. கிரிவலப் பாதையின் பக்கத்தில் இருக்கும் சமுத்திரம் ஏரியின் கரைமேல் நடந்தவர்கள், இரண்டாவதான கடினக் கணக்கின்மேல்தான் நடந்திருக்கிறார்கள்.

மூன்றாவது தேர். தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் பெரிய தேர் மாடவீதியில் அசைந்து வருகிறது. சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை இடுகிறார்கள். கட்டை எவ்வளவு தாங்கும்? அதன்மேல் எவ்வளவு அழுத்தம் விழுகிறதோ அதற்கேற்பத் தாங்கும். அழுத்தமோ தேர் எப்படி நிற்கிறது என்பதைப் பொறுத்தது. உராய்வு வரும் இடமெல்லாம் இந்நிலைதான். முட்டுக்கட்டை இடுவோர் இதனை எழுத்தில் கற்கவில்லை; கையால் கற்றிருக்கிறார்கள்.

விடை காணும் வழி

இப்படித் தன்னைத் தானே சுற்றிவரும் கணக்கை எவ்வாறு தீர்ப்பது? வழி வியப்பூட்டும் அளவுக்கு எளியது. வரம்பு இதுவாக இருக்கலாம் என்று முதலில் ஒன்றைக் கொள்க. அந்த வரம்புக்குள் விடை காண்க. அந்த விடை ஒரு புதிய வரம்பைத் தரும். புதிய வரம்புக்குள் மறுபடியும் விடை காண்க. இவ்வாறு செய்துகொண்டே செல்லும்போது, ஒரு கட்டத்தில் வரம்பு தந்த விடையும் விடை தந்த வரம்பும் மேலும் மாறாமல் ஒன்றோடொன்று பொருந்தி நின்றுவிட்டால், அதுவே உண்மை விடை. அதனை நிலைப்புள்ளி என்பர்.

எப்போதும் இவ்வாறு நின்றுவிடும் என்பதற்கு உறுதி இல்லை. சிலபோது ஊசலாடும், சிலபோது ஒன்றுக்கு மேற்பட்ட விடைகள் இருக்கும். ஆகவே விடை உண்டா, உண்டெனில் ஒன்றா பலவா என்பனவே கணிதர் முதலில் எழுப்பும் வினாக்கள். கடைக்காரர் கணக்கைப் போன்றவற்றில் ஓர் அழகிய முறை உண்டு. வரம்பே இல்லாத மிகப் பெரிய விடையிலிருந்து தொடங்கிப் படிப்படியாக இறங்குவது ஒன்று. மிகத் தாழ்ந்த நிலையிலிருந்து தொடங்கிப் படிப்படியாக ஏறுவது மற்றொன்று. இரண்டும் ஓரிடத்தில் சந்தித்தால் விடை ஒன்றே எனத் தெளியலாம். அடிமுடி தேடிய கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் நம்முடையது. அக்கதையில் தேடியவர் இருவரும் காணவில்லை. இக்கணக்கில் ஏறுபவரும் இறங்குபவரும் சந்திக்கும் பேறு சிலபோது வாய்க்கிறது.

வெண்பாவின் வரம்பு

இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்கு வெண்பா நினைவு வந்துவிட்டது. மாமுன் நிரை வரவேண்டும்; விளமுன் நேர் வரவேண்டும்; காய்முன்னும் நேர் வரவேண்டும். வரும் சீருக்குரிய வரம்பை நின்ற சீர் வகுக்கிறது. நின்ற சீரைத் தேர்ந்தவரோ நாமே. எனவே வெண்பாவின் வேலி புலவருக்கு வெளியே நடப்பட்ட வேலி அன்று. அவர்தம் சொல் ஒவ்வொன்றும் அடுத்த வேலியை நட்டுக்கொண்டே செல்கிறது.

அந்தாதியில் இது இன்னும் தெளிவு. ஒரு பாடலின் இறுதி அடுத்த பாடலின் தொடக்கமாகும். காரைக்கால் அம்மையாரின் அற்புதத் திருவந்தாதி 101 வெண்பாக்களால் ஆனது. நம் ஊர்க் குகை நமச்சிவாயரும் அருணகிரி அந்தாதி பாடினார். கடைசிப் பாடலின் இறுதி முதற்பாடலின் தொடக்கத்தோடு சென்று சேர்வதை மண்டலித்தல் என்கிறோம். முதற்சொல்லை யாரும் தடுக்காமல் தேர்ந்தோம் என்று நினைக்கிறோம். அச்சொல்லே இறுதியில் வந்து வரம்பாக நிற்கும். பொருந்தாவிட்டால் இறுதியைத் திருத்த வேண்டும். அல்லது தொடக்கத்திற்கே திரும்ப வேண்டும். மண்டலித்த அந்தாதி ஒரு நிலைப்புள்ளி.

இந்த இரண்டாவது வழியை, திரும்பிச் சென்று திருத்தும் வழியை, நான் வகுப்பில் கற்பித்ததில்லை என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். அதனை எனக்கு ஒரு மாணவி கற்பித்தாள்.

2024ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளை இவ்வூரில் யாரும் மறந்திருக்க மாட்டோம். ஃபெஞ்சல் புயலின் மழையில், மலையடிவாரத்து வ.உ.சி. நகரில், மண்ணும் பாறையும் சரிந்து வீட்டின்மேல் விழுந்து எழுவர் மாண்டனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். அப்பகுதிக்கு அருகில் வாழும் என் மாணவி ஒருத்தி சில வாரங்கள் கழித்து ஒரு வெண்பா எழுதி வந்தாள். அதில் 'மலைமேல் பாறை' என்றொரு தொடர். மலைமேல் என்பது புளிமா, மாமுன் நிரை வர வேண்டும், பாறை நேரில் தொடங்குகிறது, தளை தட்டுகிறது. சிவப்பு மையால் அடித்து, 'கரும்பாறை' என்று திருத்திக் கொடுத்தேன். இலக்கணம் சரியாயிற்று. ஆசிரியர் பணி முடிந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் அவள் வந்தாள். "அம்மா, அது கரும்பாறை இல்லை. பாறைதான். அந்தச் சொல்லை மாற்ற எனக்கு மனம் வரவில்லை. முன்சொல்லை மாற்றிப் பார்த்தேன்" என்று தாளை நீட்டினாள். 'மலைவிட்டுப் பாறை' என்று எழுதியிருந்தாள். மலைவிட்டு என்பது புளிமாங்காய், காய்முன் நேர். தளை பொருந்திவிட்டது. சீர் நிரையிலேயே தொடங்குவதால் அதற்கு முந்திய சீரோடு இருந்த உறவும் கெடவில்லை. மேலும் மாற்ற ஒன்றும் இல்லை. இலக்கணத்தை விடுங்கள், மேலே இருந்த பாறை, மலையை விட்ட பாறையாகிவிட்டது. நான் இட்ட 'கரும்' என்னும் அடை ஓர் ஓட்டையை அடைத்தது. அவள் செய்த மாற்றம் பாட்டை உண்மையாக்கியது.

முன்சீரை அசையாத சுவர் என்று கருதிப் பின்சீரை வெட்டிப் பொருத்துவதையே இத்தனை ஆண்டுகள் திருத்தம் என்று நினைத்திருந்தேன். முன்சீரும் விடையின் பகுதிதான் என்பது ஒரு பெண் தாளை நீட்டியபோதுதான் தெரிந்தது. என் சிவப்பு மையால் எத்தனை மாணவர் தம் சொல்லை விட்டுக்கொடுத்தனர் என்று எண்ணும்போது மனம் கூசுகிறது.

அவ்வீட்டின்மேல் விழுந்தது மணற்குவியல் அன்று. மழையில் ஊறிய மண்ணின் கணக்கு நான் மேலே சொன்னதனினும் சிக்கலானது. எனினும் ஒன்று சொல்லலாம். சரிவின் அடியில் ஓரிடத்தை வெட்டிச் சமன் செய்தால், சரிவு தாங்கும் அளவு மாறுகிறது. நீரோடும் வழியை அடைத்தால் ஈரம் ஏறும் கோடு மாறுகிறது. 'இதுவரை கட்டலாம், இதற்குமேல் கூடாது' என்று ஊர் ஒரு கோடு கிழிக்கிறது. நாம் கட்டக் கட்ட அந்தக் கோடும் நகர்கிறது. ஒருமுறை கிழித்த கோட்டை என்றைக்கும் உரியதாகக் கொள்வது, நகரும் சுவரை நிலைச்சுவர் என்று நம்புவதாகும். வகுப்பறையில் அப்பிழைக்கு விலை ஒரு சொல். மலையடியில் அதன் விலை வேறு.

பெயர்

இனி, கேட்ட பெயருக்கு வருகிறேன். இவ்வாய்வு நமக்கு எட்டாத் தொலைவில் நிகழ்ந்ததன்று. பேருந்தில் ஏறினால் ஒரு பொழுதில் சென்று சேரும் பெங்களூரில், டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனமும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்திய பயன்பாட்டுக் கணிதத் திட்டத்தின்கீழ், ரோலண்ட் குளோவின்ஸ்கி என்னும் பிரெஞ்சு அறிஞர் ஆற்றிய பொழிவுகள் 1980இல் நூலாயின. மாறற்சமனிலிகளை எண்முறையில் தீர்க்கும் வழிகளைச் சொல்வது அந்நூல். குறிப்பெடுத்து நூலாக்கியோர் நம் நாட்டு இளம் ஆய்வாளர் இருவர். ஆயினும் அந்நூல் ஆங்கிலத்தில். அறிவு நம் பக்கத்து ஊருக்கு வந்தும் நம் மொழிக்குள் வரச் சொல் இல்லாமல் வாயிலில் நிற்கிறது.

பேராசிரியர் முதலில் எண்ணிய சொல் 'போலி மாறற்சமனிலி'. ஆங்கிலத்தின் முன்னொட்டுக்கு அது நேர். இலக்கணத்தில் போலி என்பது மதிப்புக்குரிய சொல்லே. ஓரெழுத்தின் இடத்தில் மற்றோர் எழுத்து நின்றும் பொருள் மாறாமையைக் குறிப்பது. ஆனால் இன்றைய வழக்கில் போலி மருத்துவர், போலிப் பத்திரம் என்னும் வரிசையில் அது சேர்ந்துவிட்டது. மேலும், ஆங்கிலப் பெயரே 'ஏறத்தாழ அதுபோன்றது' என்று மட்டும் சொல்கிறதே தவிர, எவ்வகையில் அதுபோன்றது என்று சொல்லவில்லை. பெயரை மட்டும் பார்த்துப் பெயர்த்தால் அந்தக் குறையையும் சேர்த்துப் பெயர்ப்போம்.

பொருளைப் பார்த்துப் பெயரிட்டால் என்ன? தன் வரம்பைத் தானே ஆக்கிக்கொள்வது இதன் உயிர்நிலை. எனவே 'தன்வரம்பு மாறற்சமனிலி' என்று பெயரிடலாம் என்பது என் கருத்து. இச்சொல்லைக் கேட்ட கணித மாணவன் பாதிப் பாடத்தைப் பெயரிலேயே கற்றுவிடுவான். பேராசிரியர் இன்னும் இசையவில்லை. 'தன்' என்பது குழப்பும் என்கிறார். சுவர் தன்னைத் தானே வகுத்துக்கொள்வதாகப் படுகிறதே, விடையல்லவா வகுக்கிறது என்று கேட்கிறார். அவர் வினாவில் நியாயம் உண்டு. 'விடைசார் வரம்பு' என்றும் ஒரு சொல்லை எழுதி வைத்திருக்கிறோம். இரண்டையும் இவ்வவையின் முன் வைக்கிறேன். ஓசையும் பொருளும் அறிந்த நீங்கள் தேர்ந்து சொன்னால், அச்சொல் அந்நூலின் தலைப்பில் ஏறும்.

இவ்வட்டமும் பத்தாண்டுகளுக்கு முன் சில வரம்புகளோடு தொடங்கியதுதான். எது கவிதை, எது கவிதை அன்று என்று அன்று நாம் வகுத்த கோடுகள், பின்னர் இங்குப் படிக்கப்பட்ட கவிதைகளால் நகர்ந்திருக்கின்றன. அதனால் கோடு வேண்டா என்று பொருளாகாது. கோடு இல்லையேல் குவியலும் இல்லை, கரையும் இல்லை, வெண்பாவும் இல்லை. எழுதிய ஒவ்வொரு பாட்டுக்குப் பின்னும் கோட்டை மறுபடி சென்று பார்க்க வேண்டும் என்பதே நான் கற்ற பாடம்.

என் மாணவியின் வெண்பா இம்மலரில் இடம்பெறவில்லை. அவள் இன்னும் ஈற்றடியைத் திருத்திக்கொண்டிருக்கிறாள். முடிந்ததும் இவ்வவையில் அவளே வந்து படிப்பாள். அன்று அவளுக்கு உங்கள் செவிகளைத் தருமாறு வேண்டி, என் உரையை நிறைவு செய்கிறேன்.